செய்தவர் வாங்க முடியாத கமரா

பட்டு நெய்பவர் வீட்டுப் பெண்கள் பருத்தி உடுத்துவதும், மாடி கட்டுபவர் ஓலைக் குடிலில் உறங்குவதும் எந்நாட்டிலும் எக்காலத்திலும் காணப்படும் காட்சிகள். சிறந்த பொருளைச் செய்வோர் ஒருவர். அதனைக் கொண்டு மகிழ்வோர் வேறொருவர். இஃது உலக வழக்கு என எண்ணி நாம் அப்பாற் செல்கின்றோம். ஆயின், யப்பான் நாட்டிலே கமராத் தொழிற்சாலை ஒன்றில் பணி புரிந்த இளம் ஊழியர்கள் அவ்வாறு அப்பாற் செல்லவில்லை. தாம் செய்யும் கமராவைத் தமது சம்பளத்திலே தாமே வாங்கக் கூடிய காலம் வருமா என்று அவர்கள் ஏங்கினார்கள் என அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. அந்த ஏக்கத்திற்கு விடையாக 1961 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வெளிவந்ததே கனனெற் என்னும் தூரமானிக் கமரா.

தூரமானிக் கமரா என்றால் என்ன? அதனுள்ளே நிகழ்வது யாது? விலையைக் குறைக்கப் புகுந்தவர்கள் எதனை விட்டார்கள், எதனை விடாது காத்தார்கள்? இவற்றை இக்கிழமை எடுத்துரைக்க எண்ணுகின்றோம். கைத்தொலைபேசியை நீட்டிய கணத்திலே படம் பெறுகின்ற இக்காலத்து மாணவருக்கு இவை பழங்கதையாகத் தோன்றலாம். அக்கைத்தொலைபேசியின் உள்ளும் இப்பழங்கதையின் ஒரு பகுதி இன்றும் வாழ்கின்றது என்பதைக் கட்டுரையின் முடிவிற்குள் காண்போம்.

வைரம் ஒன்றும் இல்லை

கதை செர்மனியில் தொடங்குகின்றது. ஒஸ்கார் பார்னாக் என்னும் பொறியியலாளர் ஆக்கிய லைக்கா என்னும் சிறு கமரா 1925 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் மக்கள் முன் வைக்கப்பட்டது. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருளையே அது பயன்படுத்தியது. 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் உடைய சிறு படங்கள் அதில் விழுந்தன. பெரும் பெட்டியையும் முக்காலியையும் சுமந்து திரிந்த படப்பிடிப்பாளர், சட்டைப் பையில் அடங்கும் கருவியோடு தெருவில் இறங்கினர். 1932 ஆம் ஆண்டில் வந்த லைக்காவில் தூரத்தை அளக்கும் பொறியும் வில்லையுடன் இணைக்கப்பட்டது.

ஆனால் விலையோ சாதாரண மனிதர் கேட்டுத் திகைக்கும் விலை. 1930களில் யப்பானிலே லைக்கா ஒன்றின் விலை 420 யென். நல்ல பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று வங்கியிற் புதிதாய்ச் சேர்ந்த ஒருவருக்கு அப்போது மாதச் சம்பளம் 70 யென். உண்ணாமலும் உடுக்காமலும் ஆறு மாதம் உழைத்தாற்றான் ஒரு கமரா!

கோரோ யோஷிதா என்னும் இளைஞர் இத்தகைய லைக்கா ஒன்றைப் பெற்று, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தார். உள்ளே என்ன இருந்தது? பித்தளை, அலுமினியம், இரும்பு, இறப்பர். வைரம் போன்ற அரும்பொருள் எதுவும் அங்கே இல்லை. மலிவான இப்பொருள்களை ஒன்று சேர்த்ததும் விலை இவ்வளவு ஏறுவதா என்று தமக்குச் சினம் மூண்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கின்றார். அச்சினமே ஒரு தொழிலின் வித்து ஆயிற்று. 1933 ஆம் ஆண்டில் தோக்கியோ நகரின் றொப்பொங்கிப் பகுதியில், சபுரோ உச்சிதா முதலியோருடன் கூடி அவர் ஒரு சிறு ஆய்வுகூடத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு விளம்பரத்தில் தோன்றிய அவர்களது முதற் கமராவுக்குக் குவனொன் என்று பெயர். கருணையின் வடிவமாகப் பௌத்தர் வணங்கும் தெய்வத்தின் பெயர் அது. வில்லைக்கு வைத்த பெயரும் நம் செவிக்குப் புதிதன்று. புத்தரின் சீடராகிய காசியபரின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

யோஷிதா நெடுங்காலம் அங்கே தங்கவில்லை. எனினும் வேலை நிற்கவில்லை. 1936 ஆம் ஆண்டு ஹன்சா கனன் என்னும் கமரா விற்பனைக்கு வந்தது. வில்லையையும் தூரமானியின் ஒளியியற் பகுதியையும் நிப்பொன் கோகக்கு என்னும் நிறுவனம் செய்து கொடுத்தது. பிற்காலத்தில் நிக்கொன் எனப் பெயர் பெற்றுக் கனனுக்குப் பெரும் போட்டியாக விளங்கிய நிறுவனமும் இதுவே. ஹன்சா கனனின் விலை 275 யென். லைக்காவிலும் குறைவுதான், ஆயினும் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். யோஷிதாவின் சினத்திற்கு முழு விடை கிடைக்க இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போரில் யப்பான் தோற்றது. போர்க் கருவிகளுக்குக் கண்ணாடியும் பொறியும் செய்த தொழிற்சாலைகள், பிழைப்பதற்காகக் கமரா செய்யத் தலைப்பட்டன. நாட்டை ஆட்கொண்டிருந்த அமெரிக்கப் படையினரே முதல் வாடிக்கையாளர். அந்நாளில் ஏற்றுமதியான பொருள்களில் 'ஆட்கொள்ளப்பட்ட யப்பானிற் செய்தது' என்ற பொருள்படும் முத்திரை பொறிக்கப்பட்டது. யப்பான் சரக்கு என்றாலே மட்டமான போலிச் சரக்கு என்பது உலகத்தார் கொண்டிருந்த எண்ணம்.

அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று 1950 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்தது. 'லைஃப்' சஞ்சிகையின் படப்பிடிப்பாளரான டேவிட் டக்ளஸ் டங்கனுக்கு, யப்பானியப் படப்பிடிப்பாளராகிய ஜுன் மிக்கி தாம் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். நிப்பொன் கோகக்குவின் நிக்கோர் வில்லையால் எடுத்த படம் அது. அதன் தெளிவைக் கண்டு வியந்த டங்கன், தொழிற்சாலைக்கே சென்று வில்லைகளைச் சோதித்துத் தமது லைக்காவிற் பொருத்திக் கொண்டார். அவ்வாண்டில் மூண்ட கொரியப் போரில் அவர் எடுத்த படங்கள் அவ்வில்லைகளின் வழியே வந்தவை. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை இவ்வில்லைகளைப் புகழ்ந்து எழுதியது.

புகழ் ஒருமுறை வந்தால் போதாது; அதனைக் காக்கவும் வேண்டும். 1954 ஆம் ஆண்டில் யப்பானியர் கமராக்களைச் சோதிக்கும் நிலையம் ஒன்றை அமைத்தனர். ஏற்றுமதியாகும் கமராக்கள் அதன் சோதனையில் தேற வேண்டும். தேறியவற்றில் 'பாஸ்ட்' என்ற சொல் பொறித்த, பொன்னிறமான சிறு முட்டை வடிவ ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. பழைய யப்பானியக் கமரா வைத்திருப்பவர்கள் அதனை எடுத்துப் பார்த்தால், உடம்பில் எங்கேனும் அந்த ஒட்டுத்தாள் இன்றும் இருக்கக் காணலாம். போலிச் சரக்கு என்ற பழியைத் துடைக்க ஒரு நாடு எடுத்துக் கொண்ட முயற்சிக்கு அச்சிறு தாள் சான்று.

எதை விடலாம், எதை விடலாகாது?

தரம் வந்துவிட்டது. விலை மட்டும் இறங்கவில்லை. கனன் நிறுவனம் 1950களில் செய்தவை யாவும் செல்வர்க்கும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்க்கும் உரிய உயர்ந்த கமராக்கள். அவற்றைப் பூட்டிப் பொருத்தி மெருகிட்ட ஊழியர்கள் அவற்றைக் கடைக் கண்ணாடியின் வழியே பார்க்கலாம்; அவ்வளவே. இந்நிலையிலேதான் கனனெற் உருவாகத் தொடங்கியது.

விலையைக் குறைப்பதற்கு எளிய வழி தரத்தைக் குறைப்பது. தகரத்தை மெல்லியதாக்கலாம், வில்லையைச் சிறிதாக்கலாம், தூரமானியை நீக்கிவிட்டுக் கண்மதிப்பாலே தூரத்தைக் கணிக்கும்படி விடலாம். அத்தகைய மலிவுக் கமராக்கள் பல அந்நாளில் இருந்தன. அவற்றின் வில்லையைச் சுற்றி ஒரு தலையும், ஒரு கூட்டமும், ஒரு மலையும் சித்திரமாக வரையப்பட்டிருக்கும். அருகில் ஒருவரைப் படம் எடுப்பதானால் தலைக்கு நேராகவும், தொலைக் காட்சி எடுப்பதானால் மலைக்கு நேராகவும் வளையத்தைத் திருப்ப வேண்டும்.

கனனெற்றை வகுத்தவர்கள் அவ்வழியிற் செல்லவில்லை. அவர்கள் விட்டவை யாவை? முதலாவது, வில்லையை மாற்றும் வசதி. உயர்ந்த கமராவில் ஒரு வில்லையைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். குடும்பத்தவர் எத்தனை பேர் இரண்டாம் வில்லை வாங்குகின்றனர்? ஆகவே 45 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள ஒரே வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டது. இரண்டாவது, படச்சுருளுக்கு முன்னே ஓடும் திரைவகை ஷட்டர். அதற்குப் பதிலாக வில்லையின் நடுவே இதழ்கள் விரிந்து மூடும் கொப்பல் ஷட்டர் வைக்கப்பட்டது. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் வேகம் போயிற்று. 500இல் ஒரு பங்கு வரையே கிடைத்தது. பிள்ளைகள் ஓடுவதையும் பந்து துள்ளுவதையும் பிடிக்க அவ்வேகம் போதும். அன்றியும், இதழ் ஷட்டர் எழுப்பும் ஒலி மிகச் சிறிது; எந்த வேகத்திலும் மின்வெட்டு விளக்கை உடன் பயன்படுத்தலாம். விட்டதிலும் ஒரு வரவு!

விடாதவை யாவை? ஒளியை மிகுதியாகக் கொள்ளும் வில்லை. வில்லையுடன் இணைந்த தூரமானி. அருகில் உள்ளதை எடுக்கையில் எல்லைக் கோடு தானே நகர்ந்து பிழையைத் திருத்தும் காட்சிச் சாளரம். இம்மூன்றும் விலையுயர்ந்த கமராவின் உறுப்புக்கள். இவற்றில் ஒன்றும் கைவிடப்படவில்லை.

வில்லையின் மிகப் பெரிய துவாரம் எஃப் 1.9. அதாவது 45 மில்லிமீற்றரை 1.9 ஆல் வகுத்தால் வரும் ஏறக்குறைய 24 மில்லிமீற்றரே துவாரத்தின் விட்டம். இத்தகைய அகன்ற துவாரம் உடையதால், விளக்கொளியிலும் மாலை மங்கலிலும் படம் எடுக்கலாம். ஆனால் அகன்ற துவாரத்திற்கு ஒரு குணம் உண்டு. அது முழுதும் திறந்திருக்கும்போது, குறித்த தூரத்தில் உள்ளது மட்டுமே தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கும். ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகத்தை எடுப்பதானால், தெளிவு கிட்டும் இடைவெளி ஏறக்குறைய ஐந்தாறு சென்ரிமீற்றர் மட்டுமே. கண்மதிப்பில் ஒரு சாண் பிழைத்தாலும் கண்கள் மங்கிக் காது மட்டும் தெளியும்! ஆகவே நல்ல வில்லையை வைத்துத் தூரமானியை விட்டால் வில்லையாற் பயனில்லை. ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் உறுப்புக்கள் எவை என்று அறிந்து, அவற்றைப் பிரிக்காது விட்டதே கனனெற்றை வகுத்தவர்களின் திறமை.

இரண்டு சாளரங்களின் கணிதம்

இனித் தூரமானியின் உள்ளே நோக்குவோம். மாணவர்கள் ஒரு விரலை முகத்தின் முன்னே நீட்டி, வலக் கண்ணை மூடியும் இடக் கண்ணை மூடியும் மாறி மாறிப் பார்க்கட்டும். விரல் பின்னணியின் மேல் இங்கும் அங்கும் தாவுவது போலத் தோன்றும். விரல் அருகே இருந்தால் தாவல் பெரிது. தொலைவே இருந்தால் சிறிது. இரு கண்களும் இரு வேறு இடங்களிலிருந்து நோக்குவதே இதற்குக் காரணம். நில அளவையாளர் ஆற்றின் அகலத்தைக் கடக்காமலே காண்பதும் இந்த முக்கோணத்தினாலேயே.

தூரமானிக் கமராவின் முகத்திலும் இரு கண்கள் உண்டு. பெரிய சாளரத்தின் பின்னே, ஒளியிற் பாதியை ஊடுருவ விட்டுப் பாதியைத் தெறிக்கும் ஆடி ஒன்று சாய்வாக நிற்கின்றது. சிறிய சாளரத்தின் வழியே வரும் ஒளி, திரும்பக் கூடிய ஆடி அல்லது நகரும் வில்லை ஒன்றின் வழியாகச் சென்று அந்தப் பாதி ஆடியிற் படுகின்றது. ஆகவே கமராவினூடே நோக்குபவர், காட்சியின் நடுவிலுள்ள சிறு கட்டத்திலே ஒரே பொருளை இரட்டையாகக் காண்கின்றார். வில்லையின் வளையத்தைத் திருப்பினால் இரண்டாம் உருவம் மெல்ல நகர்கின்றது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்தும் கணத்தில், வில்லை சரியான தூரத்திற்கு வந்துவிட்டது என்பது பொருள். ஒருவரது மூக்கும் மூக்கும் சேர வேண்டும். கதவு நிலையும் கதவு நிலையும் சேர வேண்டும்.

இதன் வல்லமையையும் எல்லையையும் ஒரு சிறு கணக்காற் காணலாம். இரு சாளரங்களுக்கும் இடைத்தூரம் 4 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். ஒரு மீற்றர் தொலைவிலுள்ள பொருளை இரு சாளரங்களும் நோக்கும் கோண வேறுபாடு ஏறக்குறைய 2.3 பாகை. இரண்டு மீற்றரில் அது பாதியாகி 1.15 பாகை ஆகும். பத்து மீற்றரில் 0.23 பாகை, இருபது மீற்றரில் 0.115 பாகை. ஒன்றிலிருந்து இரண்டு மீற்றருக்குப் போகையில் ஒரு பாகைக்கு மேல் மாறும் கோணம், பத்திலிருந்து இருபதுக்குப் போகையில் பத்தில் ஒரு பாகையளவே மாறுகின்றது. ஆகவே அருகே உள்ளோரைப் படம் எடுப்பதிலே தூரமானி நம்பத்தக்கது. தொலைவில் மரத்திலிருக்கும் பறவையை நீண்ட வில்லையாற் பிடிப்பதற்கு ஏற்றதன்று. வீட்டாரையும் நண்பரையும் எடுப்பதற்கு இதனினும் பொருத்தமான பொறி அந்நாளில் இல்லை.

ஒளியை அறியும் வளையம்

கனனெற்றின் வில்லையைச் சுற்றித் தேன்கூடு போன்ற கண்ணாடி வளையம் ஒன்று இருக்கும். அதன் பின்னே செலனியம் என்னும் மூலகம் பூசப்பட்ட தகடு உள்ளது. ஒளி பட்டவுடன் செலனியத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. பற்றரி எதுவும் வேண்டியதில்லை, சூரியனே பற்றரி. அம்மின்னோட்டம் மெல்லிய ஊசி ஒன்றை அசைக்கின்றது. வெயில் மிகுந்தால் ஊசி மிகுதியாக விலகும். நிழலிற் குறைவாக விலகும்.

படம் எடுப்பவர் ஷட்டரின் வேகத்தை மட்டும் தெரிந்து வைக்கின்றார். அவர் பொத்தானை அழுத்தத் தொடங்கியதும், ஊசி நின்ற இடத்திலேயே இறுகப் பிடிக்கப்படுகின்றது. படிப்படியாக வெட்டப்பட்ட உலோகத் துண்டு ஒன்று வந்து அவ்வூசியிற் தட்டி நிற்கின்றது. எந்தப் படியில் நின்றதோ அந்த அளவுக்கு வில்லையின் துவாரம் திறக்கின்றது. ஒளி போதாவிடில் பொத்தான் இறங்காது; வீணாகும் படத்தைக் கருவியே தடுத்துவிடும். மின்னணுக் கருவி ஒன்றும் இல்லாமல், ஊசியும் படியும் கொண்டே இத்தனையும் நிகழ்ந்தது என்பதை மாணவர் உற்று நோக்க வேண்டும். படச்சுருளை முன்னே செலுத்தும் நெம்பும், திரும்பச் சுற்றும் கைப்பிடியும் கமராவின் அடிப்புறத்தில் வைக்கப்பட்டமையால் மேற்புறம் துடைத்துவிட்டது போல் விளங்கியது.

இரண்டு மணி நேரம்

விலை எவ்வளவு? 18,800 யென். ஒரு டொலருக்கு 360 யென் என்று நிலைநாட்டப்பட்டிருந்த அக்கணக்கின்படி ஏறக்குறைய 52 டொலர். இவ்விலை முன்கூட்டி அறிவிக்கப்பட்டதும் ஏனைய உற்பத்தியாளர் கொதித்தெழுந்தனர். அடக்க விலைக்கும் கீழே விற்றுத் தம்மை அழிக்கப் பார்க்கின்றார்கள் என்று குறை கூறினர். கமரா கடைக்கு வந்தபோதோ, ஒரு கிழமைக்கென அனுப்பிய சரக்கு இரண்டு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது என்று நிறுவனத்தின் வரலாறு பெருமையோடு குறிப்பிடுகின்றது.

போட்டியாளரின் குறையை நாம் முற்றாக ஒதுக்கிவிடலாகாது. பெரிய தொழிற்சாலை பேரளவிற் செய்து விலையை இறக்கும்போது, சிறிய தொழிற்சாலை மூச்சுத் திணறுகின்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் யப்பானிய கமரா நிறுவனங்கள் பல மறைந்தன. மலிவான நல்ல கமராக்களுக்குப் பெயர் பெற்ற பெட்ரி நிறுவனமும் 1977 ஆம் ஆண்டில் முறிந்தது. இவையாவும் ஒரு கமராவால் வந்தவையென்று கூறுதல் தவறு. ஆயினும் வாங்குவோரின் மகிழ்ச்சியைப் பேசுகையில், வேலை இழந்தோரையும் நினைப்பது நியாயம்.

கனனெற்றைத் தொடர்ந்து ஏனையோரும் இத்துறையில் முனைந்தனர். 1962 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி, பூமியை வலம் வந்த முதல் அமெரிக்கரான ஜோன் கிளென் தம்மோடு ஒரு சிறு கமராவைக் கொண்டு சென்றார். மருந்தும் பல்பொருளும் விற்கும் சாதாரணக் கடை ஒன்றில் வாங்கிய கமரா அது. அமெரிக்க நிறுவனமாகிய அன்ஸ்கோவின் பெயர் அதில் இருந்தது; செய்ததோ யப்பானின் மினோல்டா நிறுவனம். தூரமானியும், ஒளிக்கேற்பத் தானே இயங்கும் ஒழுங்கும் உடைய குடும்பக் கமரா அது. விண்வெளிக்கு ஏறிய கருவி, தெருக் கடையிற் கிடைத்த கருவியே! 1966 ஆம் ஆண்டில் யஷிகா நிறுவனம், ஷட்டர் வேகத்தை மின்னணுப் பொறியே தெரிந்து கொள்ளும் இலெக்ரோ 35 என்ற தூரமானிக் கமராவை வெளியிட்டது. கனனெற்றும் வளர்ந்தது. 1965 இல் படச்சுருளை விரைவிற் பொருத்தும் வசதியும், பின்னர் 40 மில்லிமீற்றர் எஃப் 1.7 வில்லை உடைய இன்னும் சிறிய வடிவமும் வந்தன.

இக்காலத்திலேயே தொழில்முறைப் படப்பிடிப்பாளர், வில்லையின் வழியே நேராக நோக்கும் ஆடிக் கமராக்களுக்கு மாறிவிட்டனர். 1959 ஆம் ஆண்டின் நிக்கொன் எஃப் அம்மாற்றத்தின் அடையாளம். உயர்ந்தோர் கைவிட்ட தூரமானி, குடும்பங்களின் கையில் மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தது.

அதன் பின்னர் மறைந்ததா? 1977 ஆம் ஆண்டு கொனிக்கா நிறுவனம், தூரத்தைத் தானே அறியும் கமராவைப் பேரளவில் முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. அதன் முகத்திலும் இரண்டு சாளரங்கள் இருந்தன. இரு உருவங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வேலையை மனிதக் கண்ணிடமிருந்து மின்னணுக் கண் எடுத்துக் கொண்டது. முக்கோணம் மட்டும் மாறவில்லை. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றிலும், வில்லையின் இடப்புறமாக வந்த ஒளியையும் வலப்புறமாக வந்த ஒளியையும் ஒப்பிட்டே தெளிவு காணப்படுகின்றது. யோஷிதா கழற்றிப் பார்த்த பொறியின் தத்துவம், நம் சட்டைப் பையில் ஓசையின்றி வேலை செய்து கொண்டிருக்கின்றது.

அலுமாரியில் ஒன்று இருந்தால்

தந்தையோ பாட்டனோ வைத்துச் சென்ற இத்தகைய கமரா எவர் வீட்டிலேனும் இருக்கலாம். அதனை எறிந்துவிடுமுன் சில சோதனைகளைச் செய்து பார்க்குமாறு கேட்டுக் கொள்கின்றோம்.

முதலில் தோற் பையிலிருந்து வெளியே எடுக்க. ஈரம் மிகுந்த நம் நாட்டில் தோற் பை ஈரத்தை உறிஞ்சி வைத்து, வில்லையிற் பூஞ்சணம் படரச் செய்யும். வில்லையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று காணலாம். அடுத்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கிச் செவி கொடுத்துக் கேட்க; ஒரு செக்கன் வேகத்தில் இடையிலே தயங்கி நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கின்றது என்பது பொருள். பின்னர் வளையத்தை முடிவிலி அடையாளத்தில் நிறுத்தி, மிகத் தொலைவிலுள்ள கோபுரத்தையோ பனையையோ நோக்குக. இரு உருவங்களும் ஒன்றாகப் பொருந்தினால் தூரமானி நலமாக உள்ளது.

செலனியம் காலத்தால் வலுவிழப்பது உண்டு. அப்போதும் கமரா வீணாகாது. துவாரத்தையும் வேகத்தையும் கையாலே வைக்கலாம். 100 என்னும் உணர்திறன் உடைய படச்சுருளாயின், நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16, வேகம் 125இல் ஒரு பங்கு. மெல்லிய முகில் மூடினால் ஒரு படி கூடத் திறந்து எஃப் 11. வானம் நன்றாக மூடியிருந்தால் எஃப் 8. இவ்வளவையும் நினைவில் வைத்தால் மானியின்றியே படம் எடுக்கலாம்.

1965 இன் கனனெற்றும் அதன் பின் வந்தவையும் 1.35 வோற்று இரசப் பற்றரியை வேண்டுபவை. அப்பற்றரி இப்பொழுது செய்யப்படுவதில்லை. இரசத்தின் நச்சினால் யப்பானின் மினமாட்டாக் கடற்கரை மக்கள் பட்ட துன்பத்தை உலகம் மறக்கவில்லை; 2013 ஆம் ஆண்டு இரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் செய்த பன்னாட்டு உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது. செவிப்புலன் கருவிகளுக்கு உதவும் நாகப் பற்றரி ஏறக்குறைய அதே அழுத்தத்தைத் தருமாதலின், பலர் அதனைப் பயன்படுத்துகின்றனர். பழைய இரசப் பற்றரி உள்ளே இருந்தால் குப்பையில் எறியாது, சிறுவர் கைக்கும் எட்டாது வைக்க வேண்டும்.

கனனெற்றின் கதையில் மாணவர் கருத வேண்டியது ஒன்று உண்டு. பித்தளையும் இரும்பும் எல்லோருக்கும் கிடைக்கும். அவற்றைத் தக்கவாறு சேர்க்கும் அறிவே விலையாகின்றது. அவ்வறிவு சிலரிடம் மட்டும் தங்கும்போது பொருள் செல்வரின் உடைமையாகின்றது. கனனெற்றை வகுத்தவர்களோ, மக்களுக்கு இன்றியமையாதது எது, அலங்காரமாக மட்டும் நிற்பது எது எனத் துணிந்து பிரித்தார்கள். அறிவு அப்போதுதான் மாதச் சம்பளக்காரனின் வீட்டிற்குள் நுழைந்தது. 1961 ஆம் ஆண்டு அதே நிறுவனம் எஃப் 0.95 என்னும் வியப்பிற்குரிய வில்லை ஒன்றையும் செய்து உலகத்தை வியக்க வைத்தது. அவ்வில்லையைச் சேகரிப்போர் இன்றும் பெரும் பொருள் கொடுத்து வாங்குகின்றனர். கனனெற்றுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. அது எடுத்த திருமணப் படங்களும், பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகளின் படங்களும் பல வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. பொறியியல் கற்கும் மாணவர் நாளை ஒரு கருவியை வகுக்க அமரும்போது, அதனைச் செய்யப்போகும் தொழிலாளியின் சம்பளச் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக.